தெர்மாகோல் சாவி

நான் ஒருமுறை செத்திருக்கிறேன். திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு கறுப்பு வெள்ளை ஃப்ளெக்ஸ் பேனரில். என்னோடு எங்கள் தெருப் பெண்கள் நான்கு பேரும் செத்தார்கள். எங்களைக் கொன்றது லாரியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. நகர இளைஞர்களுக்கு அதிகாரம் அளிக்கிறேன் என்று புறப்பட்டு வந்த ஒரு திட்டம்.

நகரம் என்று அவர்கள் சொன்னது விழுப்புரத்தை. ரயிலில் போகிறவர்களுக்கு எங்கள் ஊர் டீ குடிக்க இறங்கும் ஜங்ஷன். திருவெண்ணெய்நல்லூர், காணைப் பக்கத்து ஜனங்களுக்கு உரம் வாங்கவும் ஆஸ்பத்திரிக்கும் வந்துபோகும் டவுன். நகரம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் திட்டத்துக்குப் பணம் கொடுத்தவர்கள் நகரத்துக்குத்தான் கொடுப்பார்களாம். அதனால் ரயில் பாதைக்குப் பின்னால் இருக்கும் எங்கள் தெரு ஒரே நாளில் நகரமாகிவிட்டது. சாக்கடை மட்டும் பழைய சாக்கடையாகவே ஓடிக்கொண்டிருந்தது.

எனக்கு வேண்டியிருந்தது ரொம்பச் சின்ன விஷயம். நான் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். காலையில் ஷட்டரைத் தூக்கியது முதல் விளக்கு வைக்கிற நேரம்வரை நிற்க வேண்டும். வாங்க வருகிறவர்களுக்கு மெத்தை போட்ட நாற்காலி உண்டு. எங்களுக்கு ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. கூட்டம் இல்லாத நேரத்தில் அலமாரியில் கொஞ்சம் சாய்ந்தாலும் சூப்பர்வைசர் தொண்டையைச் செருமுவார். இப்படி நின்றே வயதான அக்காக்களின் கணுக்காலைப் பார்த்திருக்கிறேன். நரம்பு சுருண்டு நீலமாகக் கிடக்கும். எனக்குப் பெரிய கனவெல்லாம் இல்லை. நாற்காலி போட்ட ஒரு வேலை வேண்டும். அதற்கு குரூப் ஃபோர் எழுத வேண்டும், எழுத வேண்டுமானால் படிக்க வேண்டும், படிக்க ஓர் இடம் வேண்டும்.

வீட்டில் இடம் இல்லை. இருப்பது ஒரே அறை. அதில் டிவி, டிவிக்கு முன்னால் அப்பா, டூட்டிக்குப் போவதற்குள் கொஞ்சம் கண்ணயரும் அண்ணன், மூலையில் அடுப்போடு அம்மா. எங்கள் தெருப் பையன்கள் ரயில்வே ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் விளக்குக்குக் கீழே உட்கார்ந்து படிப்பார்கள். அப்படிப் படித்தே சிலர் வேலைக்கும் போய்விட்டார்கள். பரீட்சைக்குப் படிக்கும் நாங்கள் ஐந்து பேரும் ஒரு சாயங்காலம் போய் உட்கார்ந்து பார்த்தோம். "யாருக்காக வெய்ட் பண்றே?" என்று கேட்காத ஆண்பிள்ளை அந்த பிளாட்பாரத்தில் இல்லை. ஒருவன் எங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து பாட்டுப் போட ஆரம்பித்தான். புத்தகத்தை மூடிக்கொண்டு வந்துவிட்டோம்.

தெருக்கோடியில் ஒரு சமுதாயக் கூடம் இருக்கிறது. எங்களுக்காக அரசாங்கம் கட்டியது என்று சுவரில் எழுதியிருக்கிறது. கதவில் பூட்டும் இருக்கிறது. சாவி கவுன்சிலரின் புருஷனிடம். எங்கள் வார்டுக்குப் பெண் கவுன்சிலர். ஆனால் அந்த அம்மாளைக் கும்பிட்ட கையோடு போஸ்டரில்தான் பார்க்கலாம். கையெழுத்துப் போடுவதைத் தவிர மற்றதெல்லாம் அவர் புருஷன்தான். தெருவில் அவருக்குப் பேர் தலைவர். தலைவருக்கு வாடகைக்குப் பந்தல் போடும் தொழில். ஷாமியானா துணி, சவுக்குக் கம்பு, பிளாஸ்டிக் நாற்காலி, அண்டா, குண்டான் எல்லாம் எங்கள் கூடத்துக்குள் குடியிருந்தன. ஜன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்தால் நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூரைவரைக்கும் நிற்கும். நாள் முழுக்க நின்று வந்தவளுக்கு அதைப் பார்த்தால் வயிறு எரியாதா?

சாயங்காலத்தில் கொஞ்ச நேரம் திறந்துவிடுங்கள் என்று ஐந்து பேரும் போய்க் கேட்டோம்.

"தாராளமா தொறக்கலாம்மா. கமிஷனர் ஆபீஸ்ல ஒரு ஆர்டர் வாங்கிக்கினு வாங்க" என்றார்.

அடுத்த தடவை போனபோது ஃபேன் ரிப்பேர் என்றார். அதற்கடுத்த தடவை, "வயசுப் பொண்ணுங்க தனியா உள்ள உக்காந்துக்கினு இருந்தா ஊரு இன்னா பேசும்? உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்" என்றார். ஊர் என்று அவர் சொன்னது அவருடைய அண்டா குண்டானை என்று எங்களுக்குப் புரிந்தது.

இந்தச் சமயத்தில்தான் திட்டம் வந்தது. ஒரு மேடமும் ஒரு சாரும் காரில் வந்து இறங்கினார்கள். மேடத்துக்குச் சொந்த ஊர் சென்னை. இப்போது குயிலாப்பாளையம் பக்கத்தில் மரங்களுக்கு நடுவே வீடெடுத்துத் தங்கியிருந்தார். கைத்தறிப் புடவை, கழுத்தில் களிமண் மணி. அந்தப் புடவை எங்கள் கடையில் என்ன விலை என்று எனக்குத் தெரியும் என்பதால் எளிமை என்று நான் ஏமாறவில்லை. சார் ஜிப்பா போட்டிருந்தார், எதற்கெடுத்தாலும் கை தட்டினார். எங்களை வட்டமாக உட்கார வைத்தார்கள். எங்கே? பூட்டிய சமுதாயக் கூடத்து வாசலில், வெறும் சிமெண்டுத் தரையில்.

உட்கார்ந்த சுகம் தீர்வதற்குள் எழுந்திருக்கச் சொன்னார்கள். உடம்புக்கு உற்சாகம் வர வேண்டுமாம். சார் "மழை" என்றால் தலையில் கை வைக்க வேண்டும், "வெயில்" என்றால் குதிக்க வேண்டும். காலை முதல் நின்றுவிட்டு வந்தவளைக் குதிக்கச் சொன்ன அந்த மனுஷனை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தெருப் பெண்கள் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். "இன்னாடி, பள்ளிக்கூடத்துல மறுபடியும் ஒண்ணாங்கிளாஸ்ல சேத்துட்டாங்களா?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்கு மானம் போயிற்று.

பிறகு ஆளுக்கொரு மஞ்சள் காகிதம் கொடுத்து, உங்களுக்கு வாழ்க்கையில் என்ன வேண்டும், ஒரே வார்த்தையில் எழுதுங்கள் என்றார் மேடம். நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் ஐந்து பேரும் ஒரே வார்த்தையைத்தான் எழுதியிருந்தோம். சாவி.

மேடத்தின் கண் கலங்கிவிட்டது. காகிதங்களை நெஞ்சோடு வைத்துக்கொண்டார்.

"சாவி! எவ்ளோ ஆழமான உருவகம் பாருங்க. மனசுக்குள்ள இருக்கற பூட்டைத் திறக்கற சாவி."

"இல்ல மேடம், இந்தப் பூட்டுக்கு" என்று என் பக்கத்து வீட்டுப் பெண் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த கதவைக் காட்டினாள்.

"எக்ஸாக்ட்லி. எல்லா பெண்ணுக்கும் முன்னால ஒரு கதவு இருக்கு."

"மேடம், இது சமுதாயக் கூடத்துக் கதவு. சாவி தலைவர் வண்டிச் சாவியோட கோத்துக்கினு இருக்குது."

சார் அதை எழுதிக்கொண்டார். ஆணாதிக்கத்தின் கையில் சாவி என்று எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ வாரம் எங்கள் சாவியை வைத்து அவர்கள் என்னென்ன செய்தார்கள் என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். சாவியைப் படமாக வரையச் சொன்னார்கள். சாவிக்குக் கடிதம் எழுதச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு கையில் சாவி இருப்பதாக நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சாவியைப் பற்றி ஒரு தெரு நாடகம் போட வைத்தார்கள். அதற்காகப் புதுச்சேரியிலிருந்து தெர்மாகோலில் ஒரு சாவி செய்து கொண்டுவந்தார்கள். ஆள் உயரம், மேலே தங்க ஜிகினாத் தாள். நாடகத்தில் கடைசியில் ஐந்து பேரும் அதைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். பூட்டிய கதவுக்கு முன்னால் தெர்மாகோல் சாவியைத் தூக்கிக்கொண்டு நடந்தோம். தலைவர் முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார். அவர் இடுப்பில் நிஜச் சாவி தொங்கியது.

ஒருநாள் பொறுக்காமல் நான் கேட்டேன். "மேடம், நீங்க தலைவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? கார்ல வர்றவங்க சொன்னா கேப்பாரு."

மேடம் என் தோளில் கை வைத்தார். "நாங்க கேட்டு வாங்கிக் கொடுத்தா அது எங்களோட வெற்றிம்மா. நீங்களே கேட்டு வாங்கணும். அதான் எம்பவர்மென்ட்."

"நாங்க கேட்டுட்டோம் மேடம். குடுக்கல."

"மறுபடியும் கேளுங்க. குரலை உயர்த்திக் கேளுங்க."

உயர்த்திக் கேட்டோம். "ஏம்மா கத்தறீங்க, எனக்குக் காது கேக்குது" என்றார் தலைவர். அதை மேடத்திடம் சொன்னபோது, உரையாடல் தொடங்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டார். இப்படிப்பட்டவர்களை என்ன செய்வது? அவர்கள் கெட்டவர்கள் இல்லை. கெட்டவர்களாக இருந்தால் ஏதாவது ஒரு வேலையாவது உருப்படியாகச் செய்திருப்பார்கள்.

பயிற்சி முடிவு விழா திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அங்கேயும் ஒரு தெருவில் இதே திட்டம், இதே மழை வெயில். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை வேனில் அழைத்துப்போனார்கள். ஹைவேயில் போகப்போகிறார்கள் என்று எங்கள் தெருவே வந்து வழியனுப்பியது. மண்டபத்தில் எங்களுக்கு இளம் தலைவிகள் என்று பட்டம் கொடுத்தார்கள். எங்கள் கையில் சாவி ஒப்படைக்கப்படுகிறது என்று மைக்கில் அறிவித்துவிட்டு அதே தெர்மாகோல் சாவியைக் கொடுத்தார்கள். பிறகு நீட்டுக் கேமரா வைத்திருந்த ஒருவர் எங்களைத் தனித்தனியாக வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினார். நான் சிரித்தேன். "சிரிக்காதீங்க. வலிமையா பாருங்க" என்றார். வலிமையாகப் பார்த்தேன். மூடுகிற நேரத்தில் நூறு சேலையைப் பிரிக்கச் சொன்ன வாடிக்கையாளரை நினைத்துக்கொண்டேன். படத்தில் முகம் அப்படித்தான் வந்தது.

இரண்டு நாள் கழித்து அந்தப் படங்களைப் பேனராக்கித் திண்டிவனத்தில் கட்டினார்கள். கறுப்பு வெள்ளையில். எங்கள் பக்கத்தில் பெண் வயதுக்கு வந்தாலும் பேனர்தான், கல்யாணத்துக்கும் பேனர்தான், பிறந்த நாளுக்கும் பேனர்தான். எல்லாவற்றிலும் கண்ணைக் குத்துகிற கலர். கறுப்பு வெள்ளையில் ஒரு முகம் இருந்தால் அந்த ஆள் செத்துவிட்டார் என்று எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தெரியும். இது பெங்களூரில் உட்கார்ந்து டிசைன் போட்டவர்களுக்குத் தெரியாது. எங்களுக்குள்ளேயே கிடந்த மேடத்துக்கும் தெரியவில்லை என்பதுதான் அதிசயம். அத்தனை வாரம் காரில் வந்துபோனவர் ஒருநாளாவது ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்திருக்கலாம்.

அது போதாதென்று மேலே பெரிய எழுத்தில் 'நாளைய விதைகள்' என்று போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் ஒருத்தரை விதை என்று சொன்னால் மண்ணுக்குள் போட்டாயிற்று என்று அர்த்தம். அதுவும் போதாதென்று ஒவ்வொரு முகத்துக்கும் கீழே இரண்டு தேதி. முதல் தேதி நாங்கள் பிறந்த தேதி. இரண்டாவது தேதி, நாங்கள் தலைவிகளான அந்த ஞாயிற்றுக்கிழமை. நடுவில் ஒரு சின்னக் கோடு. சாதாரணப் பெண்ணாகப் பிறந்து தலைவியாக மலர்ந்த பயணமாம் அந்தக் கோடு.

திண்டிவனத்தில் என் அத்தை இருக்கிறாள், அப்பாவின் தங்கை. மரக்காணத்திலிருந்து வருகிற மீனை வாங்கிக் கூடையில் வைத்து வீடு வீடாக விற்கிறவள். காலையில் கூடையோடு பேருந்து நிலையத்தைக் கடந்தபோது மேலே என் முகத்தைப் பார்த்தாள். எழுத்துக் கூட்டித் தேதியைப் படித்தாள். ஐந்து பெண்கள், ஐந்து பேருக்கும் ஒரே நாள், அன்றைக்கு அவர்கள் ஹைவேயில் வேனில் போனது அவளுக்குத் தெரியும். வேறென்ன நினைப்பாள்? கூடையை அங்கேயே போட்டுவிட்டாள். எனக்குப் போன் போட்டாள். ஜவுளிக்கடையில் எங்கள் போனையெல்லாம் காலையிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். போன் எடுக்கவில்லை என்றதும் அவளுக்குச் சந்தேகமே இல்லை. பேனரைப் படமெடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டு, மாலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள். காணையிலிருந்தும் திருவெண்ணெய்நல்லூரிலிருந்தும் ஆட்கள் கிளம்பினார்கள். காலையில் எங்களை வேலைக்கு அனுப்பிய எங்கள் தெருவும், போன வழியில் ஏதோ ஆகிவிட்டது என்று தேதியைப் பார்க்காமலே நம்பிவிட்டது.

கடையில் என் சூப்பர்வைசர் தன் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

"உனக்கு இன்னா ஆச்சு?" என்றார்.

"ஒண்ணும் ஆகல சார்."

"நீ செத்துட்டியாமே." படத்தைக் காட்டினார். "வீட்டுக்குப் போய்ட்டு ஜல்தியா வா. ஆள் கம்மி" என்றார்.

ஆட்டோ பிடித்து ஓடினேன். தெருமுனையில் ஷாமியானா போட்டிருந்தது. மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். டீ கேன் வந்து இறங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும் மேளக்காரர் கை அந்தரத்தில் நின்றது. கூட்டம் விலகி வழிவிட்டது. அம்மா தலைவிரி கோலமாகத் தரையில் கிடந்தாள். வேலை செய்கிற வீட்டில் கூட்டிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தவள் கையில் இன்னும் துடைப்பம் இருந்தது. என்னைப் பார்த்தவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. என் காலை இரண்டு கையாலும் பிடித்து அமுக்கிப் பார்த்தாள். தரையில் படுகிறதா என்று பார்த்தாள். அந்த ஒரு பார்வைக்காகவே அந்த மேடத்தையும் சாரையும் நான் மன்னிக்க மாட்டேன்.

அத்தை எழுந்து வந்து கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். "உசுரோட இருந்துக்கினு எதுக்குடி செத்த மாரி போட்டோ புடிச்சே?" என்று கேட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவள்மேல் மீன் வாசனை அடித்தது. எனக்கும் அப்போதுதான் அழுகை வந்தது.

அதற்குள் மற்ற நான்கு பேரும் அவரவர் வேலையிலிருந்து வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொருத்தியும் வர வர ஓர் அலறல், ஓர் அறை. எல்லாம் ஓய்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டு நிமிர்ந்தபோதுதான் நான் அதைப் பார்த்தேன்.

சமுதாயக் கூடம் திறந்திருந்தது.

ஐந்து பெண்கள் போய்விட்டார்கள் என்று கேள்விப்பட்ட உடனே தலைவர் வெள்ளை வேட்டியோடு ஓடிவந்து திறந்துவிட்டாராம். தேர்தல் வரப்போகிறது, ஐந்து சாவு என்றால் ஐந்து குடும்பம், ஐந்து குடும்பத்துச் சொந்தம். அண்டா குண்டானெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தரையைக் கழுவிவிட்டிருந்தார்கள். டியூப்லைட் எரிந்தது. ரிப்பேர் என்ற ஃபேன்கள் பறந்துகொண்டிருந்தன. நடுவில் எங்களைக் கிடத்த ஐந்து பெஞ்சு வரிசையாகப் போட்டு வெள்ளைத் துணி விரித்திருந்தது. சுற்றிலும் நாற்காலிகள். ஆர்டர் இல்லை, கமிஷனர் இல்லை, ஊர் என்ன பேசும் என்ற கவலை இல்லை. உயிரோடு நடையாய் நடந்தபோது கிடைக்காதது, செத்தோம் என்றதும் ஒரு மணி நேரத்தில் தயார்.

நான் உள்ளே போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். மற்ற நான்கு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். தலைவர் கையில் பெரிய ரோஜா மாலையோடு வாசலில் நின்றார். அவர் பேர் எழுதிய ரிப்பன்கூட மாலையில் தொங்கியது.

"சரி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. ஆண்டவன் புண்ணியம். பூட்டிடலாம்மா, எழுந்திருங்க" என்றார்.

அத்தை இடுப்பில் கை வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். "இன்னாங்க தலைவரே, பொணத்துக்குத் தொறந்த கதவ உசுரோட வந்தவளுக்கு மூடுவீங்களா?"

தலைவர் சிரித்துச் சமாளித்தார். "சாமான் வைக்கற எடம்மா இது" என்றார்.

அத்தை தான் கொண்டுவந்த மாலையை எடுத்தாள். சாவுக்கென்று வாங்கிய மாலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு பஸ் ஏறக் கூடாது, எந்த வீட்டுக்குள்ளும் கொண்டுபோகக் கூடாது. அதைக் கூடத்துக் கதவில், பூட்டு மாட்டுகிற தாழ்ப்பாளில் தொங்கவிட்டாள். காணையிலிருந்து வந்த பெரியப்பா அதைப் பார்த்துத் தன் மாலையையும் அங்கேயே மாட்டினார். வந்த ஜனம் அத்தனையும் வரிசையாக மாட்டியது. கடைசியில் எல்லாரும் தலைவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கையிலிருந்த ரோஜா மாலையை வைத்துக்கொண்டு அவர் எங்கே போவார்? அவரும் மாட்டிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் பூட்டோடு ஆள் அனுப்பினார். வந்தவன் தாழ்ப்பாளைப் பார்த்தான், தொடவில்லை. "வீட்ல பொண்டாட்டி மாசமா இருக்குது. நான் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டான். இன்னொருவனை அனுப்பினார். அவன் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பதாகச் சொன்னான். மனைவியை மறுபடி தேர்தலில் நிறுத்தப்போகிற நேரத்தில் சாவு மாலையில் கை வைக்கத் தலைவருக்கும் தைரியம் வரவில்லை. தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, "பேஜாரா பூட்ச்சே" என்று சொல்லிக்கொண்டு வண்டியைத் திருப்பினார். அன்றிலிருந்து ஒவ்வொரு சாயங்காலமும் நாங்கள் ஐந்து பேரும் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்து படித்தோம். மாலைகள் வாடிக் கறுத்துச் சருகாகிக் கிடந்தன. அதைவிடப் பலமான ஒரு காவல் எந்தப் போலீஸ் ஸ்டேஷனிலும் கிடைக்காது.

இதோடு விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் மேடத்தின் காதுக்கு விஷயம் போய்விட்டது. பேனருக்காக அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கறுப்பு வெள்ளையில் ஒரு கம்பீரம் இருக்கிறது என்று போனில் விளக்கம் சொன்னார். கூடம் திறந்துவிட்டது என்று கேட்டதும் மட்டும் குரல் மாறிவிட்டது. அடுத்த வாரமே பணம் கொடுக்கிறவர்களை அழைத்துக்கொண்டு இரண்டு காரில் வந்து இறங்கினார். நீட்டுக் கேமராக்காரரும் வந்தார். தெர்மாகோல் சாவியும் காரின் மேல் கட்டி வந்தது.

"நீங்க கேட்டீங்க. கிடைச்சது. இதுதான் உங்க குரலோட சக்தி" என்று வந்தவர்கள் முன்னால் சொன்னார். நாங்கள் செத்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஐந்து பேரையும் கதவுக்கு முன்னால் நிறுத்தினார்கள். கேமராக்காரர் கண்ணைச் சுருக்கினார். "பின்னால அந்தக் காஞ்ச பூ அசிங்கமா இருக்கு மேடம்."

"மேடம், அத மட்டும் எடுக்காதீங்க" என்றேன். ஐந்து பேரும் சொன்னோம்.

மேடம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "இந்த மூடநம்பிக்கையிலிருந்து நீங்க வெளிய வரணும்மா. தலைவிகள் இல்லையா நீங்க?" என்று சொல்லிவிட்டு, எங்கள் தெருவில் ஒருத்தருக்கும் வராத தைரியத்தோடு, அத்தனை மாலையையும் கையால் அள்ளிச் சாக்கடையில் போட்டார். அவை தொங்கிய இடத்தில் தெர்மாகோல் சாவியை மாட்டினார். கைகோத்து நில்லுங்கள் என்றார்கள். நின்றோம். இந்தத் தடவை சிரிக்கச் சொன்னார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

கார்கள் போய்ப் புழுதிகூட அடங்கவில்லை. எதிர் டீக்கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த தலைவரின் ஆள் கிளாஸை வைத்துவிட்டு எழுந்தான். வண்டியை உதைத்தான். எங்கே போகிறான் என்று எங்களுக்குத் தெரியும். பூட்டு தலைவர் வீட்டில் இருக்கிறது.

நான்கு பேரைக் கதவை மறித்து நிற்கச் சொல்லிவிட்டு நான் ஓடினேன். அவன் பூட்டோடு வருவதற்குள் நான் திரும்பிவிட்டேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வந்தவன் தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, வந்த வழியே போனான். தெர்மாகோல் சாவியை என்ன செய்தோம் என்று கேட்டால், ஃபேன் காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு துண்டு உடைத்துக் கீழே சொருகியிருக்கிறோம். அதற்கு நன்றாகவே உதவுகிறது. அடுத்த மாதம் பரீட்சை. இதைக்கூட அந்தக் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

ஆனால் எனக்கு மறக்காமல் நிற்பது பூக்கடை. மூச்சிரைக்க ஓடிப்போய், "ஒரு மாலை குடுக்கா, ஜல்தி" என்றேன். பூக்காரக்கா நிதானமாக என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கல்யாண மாலை வேறு, சாவு மாலை வேறு. கேட்டுக்கொண்டுதான் கை வைப்பாள்.

"எதுக்குடி? கல்யாணத்துக்கா, சாவுக்கா?"

"படிக்கறதுக்குக்கா" என்றேன். "சாவு மாலையே குடு."